‘பழகிரும்’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்

திண்டுக்கல் கார் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

திண்டுக்கல் நகரிலும், நத்தம், வேடசந்தூர், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் சாலைகளிலும் கார் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், அவர்களிடம் தொழில் பழகும் தம்பிகளுக்கும்,

கொடைக்கானலுக்கும் பழனிக்கும் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். என் வண்டியும் என்னைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்களின் வண்டிகளும் நாளும் கிளம்பி நாளும் திரும்புவது உங்கள் கையால்தான். நள்ளிரவில் போன் அடித்தாலும் பழனி ரோட்டில் வந்து நிற்கிறீர்கள். பாதி ராத்திரியில் ஃபேன் பெல்ட் மாட்டிக் கொடுத்துவிட்டு, காசை அப்புறம் பார்த்துக்கலாம் என்று போகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயத்தில் உங்களோடு எனக்கு வழக்கு இருக்கிறது. கியர்.

“செகண்ட் கியர் டைட்டா விழுதுண்ணே” என்று வந்து நிற்கிறவனுக்கு நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு பதில்தான். “அது அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டப் பழகிரும்” என்பது ஒன்று. “பாக்ஸை இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும்” என்பது இன்னொன்று. முதல் பதிலுக்குச் செலவே இல்லை. இரண்டாவது பதிலில் வாடகை வண்டிக்காரனின் ஒரு மாத வருமானம் போய்விடும். இரண்டுக்கும் நடுவே, லீவரின் குமிழிலிருந்து கியர்பாக்ஸின் மூடி வரைக்கும், யாரும் சரியாகப் பார்க்காத ஓர் இடம் கிடக்கிறது. கியர் கையில் எப்படி விழுகிறது என்பதைத் தீர்மானிக்கிற பாதிப் பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன. பெட்டியைத் திறக்காமலே சரிசெய்யக்கூடியவை அவை.

கியர் மிருதுவாக விழுவது ஒரு சொகுசு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு ஒருவேளை அப்படிச் சொல்லலாம். நம் ஊர் வண்டி எதுவும் சமவெளியோடு நிற்பதில்லை. ஒரு பக்கம் சிறுமலை, 18 கொண்டை ஊசி வளைவு. இன்னொரு பக்கம் வத்தலக்குண்டு தாண்டினால் ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறும் கொடைக்கானல் மலைப்பாதை. இறங்கும்போது வண்டியைப் பிடிக்க வேண்டியது எஞ்சின். அதற்கு மூன்றிலிருந்து இரண்டுக்கு கியர் தயங்காமல் விழவேண்டும். விழுமா விழாதா என்ற சந்தேகம் ஓட்டுகிறவன் மனதில் ஒருமுறை வந்துவிட்டால் அவன் கியரை மாற்ற மாட்டான். மூன்றிலேயே வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவான். பத்து வளைவு தாண்டுவதற்குள் பிரேக் பேடு கருகும் வாடை வரும். மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஊத்து அருகே, பெருமாள்மலை இறக்கத்தில் எல்லாம் ஓரமாக நிறுத்தி, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களில் சிலருடைய கதை பிரேக்கில் தொடங்கியிருக்காது, கியரில் தொடங்கியிருக்கும். பழகிரும் என்று நீங்கள் அனுப்பும் வண்டிக்கு ஓட்டுகிறவன் உண்மையிலேயே பழகிவிடுகிறான். எனக்குப் பயம் அதில்தான்.

இனி உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லப் போகிறேன். தெரிந்த பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிகளுக்காகத்தான் இதை விரிக்கிறேன்.

ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் என்று பஸ்ஸில் எழுதியிருந்த காலத்து டிரைவர்களைக் கேட்டால் டபுள் கிளட்ச் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, எஞ்சின் சுற்றைக் காதால் அளந்து, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடுவது. ஒரு தண்டின் வேகமும் அதில் சேரப்போகும் பல்சக்கரத்தின் வேகமும் ஒன்றாகும் வரை காத்திருக்கும் வித்தை அது. அந்த வேலையை டிரைவரின் காதிலிருந்து பிடுங்கி பெட்டிக்குள் வைத்ததுதான் சிங்குரோ. அமெரிக்காவில் ஏர்ல் தாம்சன் என்பவர் உருவாக்கியதை 1928-இல் காடிலாக் தன் கார்களில் வைத்தது. நம் அம்பாசடரில் முதல் கியருக்கு அது நீண்ட காலம் எட்டாமலே இருந்தது. வண்டி முழுதாக நிற்காமல் ஃபர்ஸ்ட் போட்டால் அது கத்துவதைக் கேட்டே வளர்ந்த தலைமுறை நாம்.

சிங்குரோ செய்வது என்ன? பல சிறிய கார்களில் முதல் கியர் சுமார் மூன்றரைக்கு ஒன்று, இரண்டாவது சுமார் 1.9-க்கு ஒன்று. முதல் கியரில் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட், நீங்கள் லீவரை இரண்டுக்கு இழுக்கிற நேரத்தில் ஏறத்தாழ 1,600-க்கு இறங்கியாக வேண்டும். அந்த 1,400 சுற்றை அரை நொடிக்குள் அடக்குவது ஒரு மெல்லிய பித்தளை வளையம். கூம்பு வடிவத்தில் இருக்கும் அதன் உள்முகத்தில் நூலிழை போல வரிகள் வெட்டியிருப்பார்கள். கியரின் கூம்பு மீது அது அழுந்தும்போது அந்த வரிகள் ஆயில் படலத்தை அறுத்து வெளியேற்றும். பித்தளை இரும்பைக் கவ்வும், உராயும், வேகம் ஒன்றாகும். வேகம் ஒன்றாகும்வரை, கியரைத் தண்டோடு சேர்க்கிற ஸ்லீவை உள்ளே விடாமல் வளையத்தின் பற்களே தடுத்துக்கொண்டிருக்கும். கையில் ஒரு சின்னத் தயக்கம், பிறகு வழிவிடுதல், பிறகு உள்ளே போய் உட்காருகிற அந்த ‘டக்’. கார் கம்பெனிகளில் லீவரின் குமிழில் அளவி மாட்டி, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கை எவ்வளவு பலம் கொடுக்கிறது என்று கோடு போட்டுப் பார்க்கிறார்கள். கோட்டில் முதலில் ஒரு மேடு, அது சிங்குரோ. பின்னாலேயே இன்னொரு சின்ன மேடு, ஸ்லீவின் பல் கியரின் பல்லைத் தொட்டு விலகும் இடம். இந்த இரண்டாவது மேடு உயர்ந்தால்தான் கியர் ‘முட்டி முட்டி’ விழுகிறது என்கிறோம். உங்களில் கை தேறியவர்களுக்கு அந்தக் கோடு தேவையில்லை. லீவரைப் பிடித்ததும் தெரிந்துவிடும்.

இரண்டாவது கியர்தான் ஏன் எப்போதும் முதலில் மக்கர் பண்ணுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம், வளையத்துக்கு வேலையும் அதிகம். ஊருக்குள் பஸ் ஸ்டாண்ட் நெரிசலிலும் மலையிலும் நாம் அதிகம் போடுவதும் அதைத்தான்.

இதெல்லாம் பெட்டிக்கு உள்ளே நடப்பது. நான் கேட்பது, உள்ளே போவதற்கு முன்னால் வெளியே பாருங்கள் என்று.

எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே போட்டுப் பாருங்கள். நிறுத்தியிருக்கும்போது வெண்ணெய் மாதிரி விழுந்து, ஓடும்போது முரண்டு பிடித்தால் குற்றம் பெரும்பாலும் கியர்பாக்ஸில் இல்லை, கிளட்சு முழுதாக விடவில்லை. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ரிவர்ஸ் இருக்கிறது. பல சிறிய கார்களில் ரிவர்ஸுக்கு சிங்குரோ கிடையாது. கிளட்சை முழுதாக மிதித்து மூன்று நான்கு நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டாலும் கரகரவென்றால் தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதே நிலையில் செகண்ட் போடும்போது அந்தச் சின்ன வளையம் ஷாஃப்டை மட்டும் அடக்கினால் போதாது, இழுத்துக்கொண்டிருக்கும் எஞ்சினையே எதிர்த்துப் போராட வேண்டும். அப்படி ஓட ஓட வளையம் உண்மையிலேயே தேயும். கிளட்ச் கேபிளில் ஒரு நட்டைத் திருப்பி முடிக்க வேண்டிய வேலை கடைசியில் பெட்டியை இறக்கும் வேலையாக முற்றிப் போகும்.

கிளட்சு விடாததற்குக் காரணம் தேடி உடனே கிளட்ச் செட்டுக்கும் போய்விடாதீர்கள். முதலில் மிதியடியைப் பாருங்கள். நம் ஊர் சீட் கவர் கடைகளில் தடிமனான மேட் போடுவது இப்போது பழக்கம். பெடலுக்குக் கீழே அது மடிந்து எழும்பி நின்றால் பெடல் கடைசி ஒரு அங்குலம் போகாது. அந்த ஒரு அங்குலத்தில்தான் பல வண்டிகளில் கிளட்சு முழுதாக விடுகிறது. வத்தலக்குண்டு பக்கம் ஓடும் ஒரு நண்பரின் வண்டியை பாக்ஸ் இறக்க வேண்டும் என்று சொல்லி ஒரு ஒர்க்ஷாப்பில் நிறுத்திவைத்திருந்தார்கள். வேறொருவர் வந்து மேட்டை உருவி எறிந்தார். வண்டி அன்றே மலை ஏறியது. பழைய 800, ஆல்ட்டோ, ஆம்னி போன்ற கேபிள் கிளட்சு வண்டிகளில் கேபிளின் நூல் பிரிந்திருக்கிறதா, ஃப்ரீ பிளே கூடியிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். ஹைட்ராலிக் கிளட்சு என்றால் டப்பாவில் இருக்கும் திரவத்தின் நிறத்தைப் பாருங்கள். டாட் 3, டாட் 4 எதுவானாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் அதற்கு உண்டு. தேநீர் நிறத்தில் இருந்தால் மாற்றிவிடுங்கள். உள்ளே காற்று புகுந்திருந்தால் பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்ததும் கியர் லேசாக விழும். காற்றை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

எஞ்சினை நிறுத்தியும் கியர் கடினமாக இருந்தால் அடுத்தது லிங்கேஜ். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பொலிரோ, சுமோ போன்றவற்றில் லீவர் நேரே பெட்டியின் தலையில் உட்கார்ந்திருக்கும். கனமாக இருந்தாலும் கைக்கும் பல்லுக்கும் நடுவே யாரும் இல்லை. மஸ்தாவின் எம்.எக்ஸ்-5 என்ற சின்னக் காரின் கியரை உலகமே கொண்டாடுவதற்கும் இது ஒரு காரணம். முன்சக்கரம் இழுக்கும் நம் கார்களில் பெட்டி எஞ்சினோடு முன்னால் குறுக்காகக் கிடக்க, லீவர் இருக்கைகளுக்கு நடுவே இருக்கிறது. இடையில் 800-இல் ராடு, ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகளில் இரண்டு கேபிள். கியரின் ‘சுகம்’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த நடுத் தூரத்தில் தொலைகிறது. ராட்டின் முனையில் இருக்கும் புஷ் ரப்பரோ பிளாஸ்டிக்கோதான். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், எஞ்சினுக்குப் பக்கத்தில், எக்சாஸ்ட் சூட்டுக்கு மேல் அது வருஷக்கணக்கில் வேகுகிறது. தோல் ஷெட், பஞ்சு மில், கல் குவாரி என்று நம் பக்கத்துப் புழுதி எல்லாம் அந்தக் கிரீஸில் ஒட்டிக் காய்ந்து உப்புத்தாள் ஆகிவிடுகிறது. லீவர் சோப்புக் குழம்பில் கிண்டுவது போல ஆடினால் புஷ் போய்விட்டது. இறுகிக் கிடந்தால் கிரீஸ் காய்ந்துவிட்டது.

இங்கே ஒரு சோதனை இருக்கிறது. இதை மட்டுமாவது எல்லா ஒர்க்ஷாப்பிலும் கட்டாயம் ஆக்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கியர்பாக்ஸின் மேல் இருக்கும் செலக்டர் கையிலிருந்து கேபிளின் கிளிப்பைக் கழற்றுங்கள். இப்போது அந்தக் கையை நேரடியாக உங்கள் விரலால் தள்ளிப் பாருங்கள். கியர்கள் சுத்தமாக விழுந்தால் பெட்டிக்கு நோயில்லை. அடுத்து லீவரை மட்டும் ஆட்டுங்கள். கேபிள் எங்கே கூர்மையாக மடிந்திருக்கிறது, எங்கே சிராய்க்கிறது என்று அதுவே காட்டிவிடும். ஒரு கிளிப், பத்து நிமிஷம். குற்றம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரிந்துவிடும். பெட்டியை இறக்கினால் நாள் முழுதும் போகும், அதோடு இதை வைத்துப் பாருங்கள்.

எஞ்சின் மவுண்டிங்கையும் விட்டுவிடாதீர்கள். ஹேண்ட் பிரேக் இழுத்து, கால் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, ஃபர்ஸ்டில் கிளட்சை லேசாக விட்டு உடனே மிதியுங்கள், பிறகு ரிவர்ஸில் அதேபோல. பானெட்டைத் திறந்து, வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒருவர் நின்று பார்க்கட்டும். எஞ்சின் தூக்கிப் போட்டால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது. எஞ்சினோடு பெட்டியும் அசைகிறது, லீவர் அசையாமல் இருக்கிறது, நடுவில் இருக்கும் ராடுதான் இழுபடுகிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானே கழன்றுகொள்கிறது என்று வரும் புகாரில் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது ஆயிலுக்கு வருகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் வருகிறேன்.

பல இடங்களில் ஒரே டின் ‘90 ஆயில்’. ஜீப்பின் பின் அச்சுக்கும் அதுதான், சின்னக் காரின் கியர்பாக்ஸுக்கும் அதுதான். பொலிரோ மாதிரி வண்டியின் பின் அச்சில் ஹைப்பாய்டு கியர் இருக்கிறது. அதன் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் பெரும் பளுவோடு சறுக்கவும் செய்கின்றன. இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து அதற்கான ஆயிலில் அதிகம் இருக்க வேண்டும். அதுதான் ஜி.எல்.-5. முன்சக்கரம் இழுக்கும் சின்னக் காரில் ஹைப்பாய்டு கிடையாது. அங்கே ஆயிலுக்கு வேறொரு முக்கிய வேலை, பித்தளை வளையத்துக்கு வழிவிடுவது. வளையம் உராய்ந்தால்தான் வேகம் அடங்கும். சறுக்கலுக்கு என்று செய்த ஆயிலை அங்கே ஊற்றினால் கவ்வ வேண்டிய இடத்தில் வளையம் வழுக்குகிறது. அந்த மருந்தில் சில வகை, சூட்டில் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கவும் செய்யும். அதனால்தான் பெரும்பாலான சின்னக் கார்களின் கையேட்டில் ஜி.எல்.-4 என்று எழுதியிருக்கிறார்கள். 75டபிள்யூ-80 என்றோ 75டபிள்யூ-90 என்றோ அதோடு ஒரு எண்ணும் இருக்கும். முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எவ்வளவு இளகி இருக்கும் என்பதற்கு. நம் சமவெளியில் அதன் அருமை தெரியாது. மார்கழி மாதம் கொடைக்கானலில் இரவு முழுக்க வெளியே நின்ற வண்டியை விடியற்காலையில் எடுப்பவனுக்குத் தெரியும். 90 ஆயில் ஊற்றிய பெட்டியில் ஆயில் கூழாக இறுகிக் கிடக்கும், முதல் ஒரு மைலுக்கு செகண்டை இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருக்கும். ஹோண்டா மாதிரி சில கம்பெனிகள் தங்கள் பெட்டிக்கு என்றே தனி ஆயில் வைத்திருக்கின்றன. அதில் நம் கைப்பழக்கத்தைக் காட்ட இடமில்லை, அதையே ஊற்றுங்கள்.

ஆயிலை மாற்றும்போது ஒரு வேலை. வடிக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன்னால் நிரப்பும் பிளக் கழலுகிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு, மேலே உள்ளது துருப்பிடித்துக் கழலாமல் அல்லாடிய வண்டிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறகு வடிப்புப் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பார்க்காமல் துடைத்து எறியாதீர்கள். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் களிம்பு போல ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். பல்லின் துணுக்கு இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள், பொன்னைப் பொடித்துத் தூவியது போல மினுங்கினால் அது சிங்குரோ வளையத்தின் பித்தளை. பித்தளை காந்தத்தில் ஒட்டாது, ஆயிலில்தான் மிதக்கும். பெட்டியைத் திறக்காமலே அதன் வயிற்றில் இருப்பதைத் தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இத்தனையும் பார்த்த பிறகும் குறை தீரவில்லை என்றால் இறக்குங்கள். அப்போது யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திறந்துவிட்டுக் கண்ணால் பார்த்து “வளையம் நல்லாத்தான் இருக்கு” என்று மூடிவிடாதீர்கள். வளையத்தைக் கூம்பில் அழுத்திப் பிடித்து, வளையத்துக்கும் கியரின் பல்முகத்துக்கும் உள்ள சந்தில் ஃபீலர் கேஜை விட்டு அளவிடுங்கள். புது வளையத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சந்து இருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்ட வளையம் பார்வைக்கு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை. சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கிறது. ஃபோர்க் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், ஓட்டுகிறவர் கையை எப்போதும் லீவர்மேல் போட்டுக்கொண்டே ஓட்டுகிறவரா என்று கேளுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்லீவின் பள்ளத்தில் ஃபோர்க் ஓயாமல் அழுந்தியிருப்பதன் தடம் அது. அதைச் சொல்லித் திருத்த வேண்டியதும் உங்கள் வேலைதான்.

நம் ஊரிலேயே இந்தத் தொழிலுக்கு ஒரு பங்காளி இருக்கிறது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி, அடியனூத்து பக்கம் இன்னும் கையால் அராவிப் பூட்டுச் செய்கிற வீடுகள் இருக்கின்றன. மாங்காய்ப் பூட்டின் சாவி திரும்பும்போது உள்ளே லீவர் தகடுகள் ஒவ்வொன்றும் வில்லின் எதிர்ப்பில் எழும்பி, சரியான உயரத்தில் வரிசை கட்டி நின்றால்தான் தாழ் நகரும். கியர்பாக்ஸிலும் அதே சங்கதி இருக்கிறது. செலக்டர் தண்டில் வெட்டிய குழியில் வில் தள்ளிய ஒரு உருண்டை வந்து விழுவதால்தான் கியர் தன் இடத்தில் நிற்கிறது. ஒரு தண்டு நகரும்போது மற்றத் தண்டுகளை ஒரு ஊசி குறுக்கே பாய்ந்து பூட்டிவிடுகிறது, இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்து பெட்டி சிதறாமல் இருப்பதற்காக. பூட்டு ஆசாரி வேலையை முடித்ததும் சாவியை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார். வில் கொஞ்சம் கூடுதலா, தகட்டில் பிசிறு இருக்கிறதா என்று அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். பிசிறு இருந்தால் பழகிரும் என்று அவர் விற்பதில்லை, மறுபடி அரத்தை எடுக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் நாம்.

இளவட்டங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஷார்ட் ஷிஃப்டர் மாட்டுங்கள், கனமான குமிழ் போடுங்கள் என்று உங்களிடம் வருகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்களின் ஆசையை நான் மதிக்கிறேன், கியரில் ஒரு ருசி இருக்கிறது என்று அவர்களுக்காவது தெரிகிறதே. ஆனால் லீவரின் நீளக் கணக்கை மாற்றித் தூரத்தை முக்கால் பங்காகக் குறைத்தால் கை கொடுக்க வேண்டிய பலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அவசரமாக இழுக்கும் அந்தப் பலம் முழுதும் போய் விழுவது அதே பித்தளை வளையத்தில். கனமான குமிழ் தன் எடையால் கியரை உருட்டிக்கொண்டு போய் விடும், சுகமாகத்தான் இருக்கும். உருண்டையும் வில்லும் தளர்ந்த பழைய பெட்டியில் அதே எடை மேடு பள்ளத்தில் கியரைக் கழற்றவும் கூடும். முதலில் புஷ், பிறகு மவுண்டிங், பிறகு சரியான ஆயில். இந்த மூன்றையும் புதிதாக்கிய வண்டியை அந்தப் பிள்ளையிடம் ஒருமுறை ஓட்டக் கொடுங்கள். பாதிப் பேர் ஷார்ட் ஷிஃப்டரை மறந்துவிடுவார்கள்.

இனி எல்லாம் ஆட்டோமேட்டிக்தானே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2014-இல் செலேரியோவோடு வந்த ஏ.எம்.டி.யைத்தான் நம் பக்கம் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் என்கிறார்கள். அதற்குள் இருப்பது இதே கியர்பாக்ஸ், இதே வளையம், இதே ஆயில். கைக்குப் பதிலாக ஒரு இயந்திரம் லீவரைத் தள்ளுகிறது. கியர் இறுகினால் அதற்குச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

கடைசியாக, நான் உண்மையில் கேட்க வந்தது.

மேலே சொன்னது எதுவும் உங்களுக்குத் தெரியாமல் இல்லை. உங்களில் பலர் என்னைவிடப் பத்து மடங்கு அறிந்தவர்கள். பிறகு ஏன் ‘பழகிரும்’ வருகிறது, ஏன் ‘இறக்கணும்’ வருகிறது? நான் யோசித்துப் பார்த்ததில் குற்றம் எங்கள் பக்கமும் இருக்கிறது. நீங்கள் அரை நாள் ஓட்டிப் பார்த்து, கிளிப்பைக் கழற்றிப் பார்த்து, ஒரு சின்ன புஷ்ஷை மாற்றிக் கொடுத்தால், “இந்த ரப்பருக்கா இவ்வளவு?” என்று பேரம் பேசுகிறோம். பெட்டியை இறக்கி ஏற்றினால் வாய் பேசாமல் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். கழற்றினால்தான் கூலி, கண்டுபிடித்தால் கூலி இல்லை என்று வைத்திருப்பது நாங்கள். கண்டுபிடிக்கும் கை இருக்கிறவன் அந்தக் கையை ஏன் பயன்படுத்துவான்?

அதனால் இதைச் செய்யுங்கள். ட்ரையல் பார்ப்பதற்கு என்று ஒரு கூலி வையுங்கள். கியர் புகார் என்று வரும் வண்டியை எஞ்சினை நிறுத்தி ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை, கேபிளைக் கழற்றி ஒருமுறை பார்த்து, குறை எங்கே என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வேலையை உங்களிடம் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்தக் கூலி உங்களுக்கு. ஆயில் மாற்றினால் எந்த ஆயில், என்ன தேதி என்று பானெட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள், அடுத்து வருகிறவர் 90 ஆயிலைக் கலக்காமல் இருப்பார். ஐ.டி.ஐ முடித்து உங்களிடம் வரும் பிள்ளைக்கு ஸ்பேனரைக் கொடுப்பதற்கு முன்னால் வருகிற வண்டிகளின் லீவரைப் பிடித்துப் பார்க்கக் கொடுங்கள். நல்ல கியர் எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியாதவனால் கெட்டதைக் கண்டுபிடிக்க முடியாது. கூலி எவ்வளவு என்பதை நீங்களே கூடிப் பேசி முடிவு பண்ணி, கடை வாசலில் பலகையில் எழுதி மாட்டுங்கள். வாடகை வண்டி ஓட்டும் நாங்கள் பேரம் பேசாமல் கொடுக்கிறோம். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம் நான் பேசிவிட்டேன், அவர்களும் சரி என்றிருக்கிறார்கள். நீங்கள் பலகையை மாட்டுவதுதான் பாக்கி.

அன்புடன்,
உங்கள் வாடிக்கைக்காரன் ஒருவன்